பரணில் கிடைத்த கறுப்புக் கருவியும் 9999999 விளையாட்டுகளும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். மும்பை மாட்டுங்காவில் தாத்தாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே கறுப்பாக ஒரு கருவி. பொத்தான் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தும் நாலைந்து ஆங்கிலச் சொற்களும். வலப்பக்க ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு சாய்வுக் கோடுகள். அதன் அடியில் செய்தித்தாளில் சுற்றிய டிவி கேம் ஒன்று, ‘9999999 இன் 1’ என்று எழுதிய மஞ்சள் கேசட்டோடு. கூடவே ஆறு ஆடியோ கேசட்டுகள். ஓடவிட்டால் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் வருகிறது. எல்லாம் சித்தப்பாவுடையவை. அமெரிக்காவில் இருக்கும் அவரைக் கேட்டதற்கு ‘தூக்கிப் போடு’ என்று சொல்லிவிட்டார். இவை என்ன, இயங்குமா, விலை போகுமா என்பது உங்கள் கேள்வி. வீட்டில் கிடக்கும் ஓர் அடாப்டரைச் செருகிப் பார்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த அடாப்டரைக் கீழே வையுங்கள்.

கறுப்புக் கருவி, டிவியில் செருகி இயக்கும் பழைய வீட்டுக் கணினியான சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிளஸ். அதற்கு 9 வோல்ட் டிசி வேண்டும். ஆனால் செருகியின் நடுத்துளை மைனஸ், வெளிவளையம் பிளஸ். இன்று வீடுகளில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. துளை பொருந்துகிறதே என்று செருகினால், நாற்பது ஆண்டு தாக்குப்பிடித்த கருவி ஒரு விநாடியில் போய்விடும். டிவி கேமுக்கும் அதே எச்சரிக்கைதான். அதில் கம்பெனிக்குக் கம்பெனி முனை மாறும் என்பதால் அடியில் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தைப் பார்க்காமல் எதையும் செருகக் கூடாது. ஸ்பெக்ட்ரத்தின் பழைய அடாப்டரே கிடைத்தாலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட் காட்டும், அதற்காகப் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து அடாப்டர் அப்படித்தான். உள்ளே இருக்கும் 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி அதை ஐந்து வோல்ட்டாகக் குறைத்துக்கொள்ளும், மிச்சத்தையெல்லாம் சூடாக வெளியே தள்ளும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி என்றால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக லாமிங்டன் ரோட்டில் டிவியும் டிவியில் செருகும் மற்றவையும் பழுதுபார்த்து வருகிறேன். அந்தச் சாலைக்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று முறையான பெயர் உண்டு. கிரான்ட் ரோடு நிலையத்தில் இறங்கி அந்தப் பெயரைக் கேட்டு வழி தெரிந்துகொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிறந்து வளர்ந்தது தாராவி. அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில். ஆகவே ஸ்பெக்ட்ரம் என் சிறுவயது நினைவு அன்று. அது எனக்கு வாடிக்கையாளர் வீட்டுப் பொருள். டிவி கேம்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், பழைய கணினி பற்றி எழுதப்படும் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஸ்பெக்ட்ரம் இருந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதியவை. உங்கள் பெட்டியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவை இரண்டு வேறு பம்பாய்கள்.

ஸ்பெக்ட்ரம் இங்கிலாந்தில் 1982 ஏப்ரலில் வெளிவந்தது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுன், 48 கிலோபைட் கொண்டது 175 பவுன். ரப்பர் பொத்தான்கள், அழுத்தினால் பழைய அழிப்பானை அழுத்துவது போலிருக்கும். 1984 அக்டோபரில் அதே உள்ளுறுப்புகளுக்குக் கெட்டியான பொத்தான்களும் இடப்பக்கம் ஒரு ரீசெட் பொத்தானும் சேர்த்து பிளஸ் என்று விற்றார்கள். 48 கிலோபைட் என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள். உங்கள் கைபேசி எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கு அது போல் ஐம்பது வேண்டும்.

பம்பாய்க்கு முதலில் வந்தவை யாராவது ஒரு மாமாவின் சூட்கேஸில் சஹார் விமான நிலையம் வழியாக வந்தவைதாம். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதித் தீர்வையைக் குறைத்தது. 1986-இல் டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் உரிமம் பெற்று ஸ்பெக்ட்ரம் பிளஸை இந்தியாவிலேயே விற்கத் தொடங்கியது. பள்ளிகளில் வேறு கதை. கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 1984-85 வாக்கில் முதலில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினி போயிற்று. மொகாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதையே யூனிகார்ன் என்ற பெயரில் இங்கே செய்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய், மூன்று பேர் ஒரு கருவிமுன் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்த அனுபவம் அந்தப் பிள்ளைகளுக்கு. எங்கள் பள்ளிக்கு அது வரவில்லை.

இனி அந்த இரைச்சல். கேசட் கெட்டுப்போகவில்லை, அந்த இரைச்சல்தான் நிரல். ஸ்பெக்ட்ரத்துக்கு வட்டு கிடையாது. நிரலின் ஒவ்வொரு பிட்டையும் ஒலித்துடிப்பாக மாற்றி டேப்பில் பதியும். பூச்சியம் என்றால் குறுகிய துடிப்பு, ஒன்று என்றால் அதைப்போல் இரு மடங்கு நீளம். திரும்பப் படிக்கும்போது கருவி அந்த நீளத்தை மட்டும் அளக்கிறது. ஒலி பெரிதா சிறிதா என்பது அதற்கு இரண்டாம்பட்சம், கூர்மையாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒரு முழு விளையாட்டு ஏறுவதற்கு நாலைந்து நிமிடம் ஆகும். நான்காவது நிமிடத்தில் ஒரு துடிப்பு மழுங்கினாலும் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். பிறகு டேப்பை முதலிலிருந்து சுற்ற வேண்டும். பம்பாயில் மின்வெட்டு அரிது என்பதால் இங்கே பிள்ளைகள் ஓரளவு தப்பித்தார்கள். வெளியூர் உறவினர் வீட்டுக்கு இதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பட்ட பாட்டை அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

1988-இல் எனக்குப் பதினேழு வயது. கடையில் எடுபிடி. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் டிவியில் கோளாறு என்று உஸ்தாத் என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் டிவி நன்றாக இருக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கண்ணீர் முட்ட நிற்கிறான். அவன் துபாய் மாமா கொண்டுவந்த விளையாட்டுக் கேசட் ஏற மாட்டேன் என்கிறது. பழுதுபார்ப்பவர் என்றால் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பார் என்று அவன் நினைத்துவிட்டான். கணினி என்ற ஒன்றை நான் அதுவரை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஆனால் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் தெரியும். அந்த வீட்டு டூ-இன்-ஒன்னிலிருந்து ஒரு ஒயர் கறுப்புக் கருவிக்குப் போயிருந்தது. ஒயரைப் பிடுங்கிவிட்டு, இரைச்சலை ஸ்பீக்கரில் கேட்டேன். கம்பளிக்குள்ளிருந்து கத்துவது போல் கேட்டது.

டேப் ரெக்கார்டரில் ஹெட் என்று ஒன்று இருக்கும், டேப்பை உரசிப் படிக்கும் பகுதி. அதன் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் கோத்த சிறு திருகு ஒன்று உண்டு. அதைத் திருகினால் ஹெட் மயிரிழை அளவு சாயும். பதிந்த கருவியின் சாய்வும் படிக்கும் கருவியின் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் கூர்மையான ஒலிகள் முதலில் மழுங்கும். பாட்டுக் கேட்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. கணினிக்கு உயிர் போய்விடும். சின்ன ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுக் கால் சுற்று திருகினேன், மோசமாயிற்று. எதிர்ப்பக்கம் திருகத் திருக, மழுங்கல் விலகி, பல் கூசும் அளவுக்கு ஒலி கூராகி வந்தது. உள்ளே சமையலறையிலிருந்து ‘அந்தக் கூச்சலை நிறுத்துகிறீர்களா இல்லையா’ என்று பாட்டியின் குரல். அந்த இடத்திலேயே நிறுத்தினேன்.

பிறகு நடந்ததை வாய்பிளந்து பார்த்தேன். பையன் ஜே பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தினான், ‘லோட்’ என்ற முழுச் சொல்லும் திரையில் விழுந்தது. ஸ்பெக்ட்ரத்தில் சொல்லை எழுத்துக்கூட்டி அடிக்கத் தேவையில்லை. பொத்தானுக்கு ஒரு சொல். உங்கள் கருவியில் அத்தனை சொற்கள் அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். டேப் ஓடியது. திரையின் ஓரங்களில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் மெதுவாக உருண்டன. திடீரென்று அவை மெல்லிய நீல மஞ்சள் கோடுகளாகத் துடித்தன. நடுவில் ஒரு படம் வரத் தொடங்கியது, அதுவும் நேராக வரவில்லை. மேல் மூன்றில் ஒரு பங்கில் எட்டுக் கோட்டுக்கு ஒரு கோடு, பிறகு அவற்றின் இடைவெளியில் அடுத்த கோடு என்று, பாய் முடைவது போல் நிரம்பியது. அடுத்து நடுப்பங்கு, அடுத்து கீழ்ப்பங்கு. அதுவரை கறுப்பு வெள்ளை. கடைசியில் மூன்று நான்கு விநாடிக்கு மட்டும் நிறங்கள் மேலிருந்து கீழே கட்டம் கட்டமாகக் கொட்டின. படத்துக்கு 6144 பைட், நிறத்துக்கு 768 பைட். இந்தக் கணக்கு எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 32-க்கு 24 கட்டங்கள், ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம். அதனால்தான் அதன் விளையாட்டுகளில் ஆள் மரத்தைக் கடந்து போகும்போது அவன் சட்டைக்கு மரத்தின் நிறம் ஒட்டிக்கொள்ளும். கறுப்பு வெள்ளை டிவி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் குறையே தெரியாது.

இரண்டு நாள் கழித்து அந்த வீட்டு அம்மா கடைக்கே ஃபோன் செய்தார். தம்பி வந்து போன பிறகு பக்திப் பாட்டெல்லாம் குகைக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறதாம். கேட்காமல் என்ன செய்யும்? கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டுகள் முறையான சாய்வில் பதிந்தவை. நான் ஹெட்டை துபாய்க் கேசட்டுக்காகச் சாய்த்துவைத்துவிட்டேன். மறுபடியும் போய், பாட்டுக்கு ஒரு நிலை, விளையாட்டுக்கு ஒரு நிலை என்று அந்த வீட்டு நகப்பூச்சாலேயே திருகின் தலையில் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். விடியற்காலையில் அம்மாவின் புள்ளி, மாலையில் பையனின் புள்ளி. உங்கள் சித்தப்பாவா என்று கேட்காதீர்கள், மாட்டுங்காவில் அப்படிப் பத்து வீடாவது இருந்திருக்கும். ஆனால் தாத்தா வீட்டு டூ-இன்-ஒன் இன்னும் இருந்தால், அதன் மூடியைத் திறந்து ஹெட்டின் பக்கத்தில் பாருங்கள்.

இனி அடியில் கிடந்த டிவி கேம். இதற்கு மூலம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென்னுக்கு வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாம். வடிவமைத்தவர் மசயுகி உஎமுரா. அதன் சிப்புகளைத் தைவானில் நகலெடுத்தார்கள். நான் திறந்து பார்த்த பழைய டிவி கேம்களில் யுஏ6527, யுஏ6538 என்று இரண்டு பெரிய சிப்புகள் இருக்கும். ஒன்று மூளை, ஒன்று படம் வரைவது. பிந்தியவற்றில் அதுவும் போய், பலகையில் கறுப்புப் பிசின் ஒரு பொட்டு மட்டும் இருக்கும். எல்லாமே அந்தப் பொட்டுக்குள். இங்கே அவை சாமுராய், லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று பல பெயர்களில் சுற்றின. கைப்பிடியை நாங்கள் ரிமோட் என்போம், விளையாட்டு அட்டையைக் கேசட் என்போம். டேப்புக்கும் அதற்கும் ஒரே பெயர் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாராவி 90 அடி சாலையில் ஓர் அண்ணாச்சி, மளிகைக் கடைக்குப் பின்னால் தட்டி வைத்து மறைத்து, நான்கு கறுப்பு வெள்ளை டிவிகளை வரிசையாக வைத்தார். முதலில் ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். உயிர் தீரும்வரை ஆடலாம். கணக்குச் சரியாகத்தான் ஓடியது, கான்ட்ரா வரும்வரை. அந்த விளையாட்டின் முகப்பில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம் பி ஏ என்று அழுத்தினால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோடோ 1986-இல் வேறொரு விளையாட்டைச் சோதிக்கத் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நுழைத்துவைத்த குறுக்குவழி அது. எடுக்க மறந்து கடைக்குப் போய்விட்டது. அந்த மனிதரின் சோம்பல் தாராவிவரைக்கும் வந்து அண்ணாச்சியின் வயிற்றில் அடித்தது. ஒரு ரூபாய் கொடுத்தவன் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மறுவாரமே டிவிக்குமேல் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டி, கால் மணிக்கு ஒரு ரூபாய் என்று மாற்றினார்.

ரிமோட்டுகள் வாரம் ஒருமுறை என்னிடம் வரும். பொத்தானின் அடியில் கறுப்புக் கரிப் பூச்சுள்ள ரப்பர்த் துண்டு ஒன்று இருக்கும். ஆயிரம் கட்டைவிரல்கள் அழுத்தி அழுத்தி அந்தப் பூச்சு தேய்ந்துவிடும். புது ரப்பர் எங்கே கிடைக்கும்? சிகரெட் அட்டைக்குள் வரும் வெள்ளித்தாளைப் பொட்டளவு வெட்டி, வெள்ளிப் பக்கம் கீழே பார்க்க ஒட்டினால் இரண்டு மாதம் ஓடும். பி பொத்தானுக்குத்தான் அதிகம் ஒட்டியிருக்கிறேன், சுடுவது அதில் என்பதால். உங்கள் ரிமோட்டைத் திறக்கும்போது வெள்ளித்தாள் தென்பட்டால் குப்பை என்று உதறிவிடாதீர்கள்.

அந்த 9999999 விஷயம் வெறும் பொய். மெனுவில் பக்கம் பக்கமாகப் பெயர்கள் ஓடும், உள்ளே இருப்பது சில விளையாட்டுகள்தாம். ஐந்தாம் கட்டத்திலிருந்து தொடங்கும் மாரியோ ஒன்று, உயிர் கூடிய மாரியோ ஒன்று என்று, தொடக்க எண்ணை மட்டும் மாற்றிப் புதுப் பெயர் வைப்பார்கள். மாரியோ முழுவதற்கும் 40 கிலோபைட்தான். மேகமும் புதரும் ஒரே படம், வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இப்படிச் சிக்கனமாகச் செய்தவர்களின் பொருளை எடுத்து ஒரு கோடி என்று விற்றவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இனிமேல்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் அசல் ஜப்பானியக் கருவி ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். சரிசெய்து மாரியோவைப் போட்டேன். பாட்டு ஓடுகிறது, ஓட்டம் என்றால் ஓட்டம், யாரோ பின்னாலிருந்து விரட்டுவது போல. கருவியில் கோளாறு என்றே நினைத்து மறுபடி திறந்தேன். கோளாறு என் காதில் இருந்தது. ஜப்பானில் டிவி விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். நம் நாட்டு டிவியின் பால் (PAL) முறையில் 50 தடவை. விளையாட்டும் அதன் பாட்டும் படத்துக்கு ஒரு அடி என்று எண்ணித்தான் நகர்கின்றன. தைவான்காரர்கள் நமக்கேற்ற சிப்பைச் செய்தபோது படத்தை 50 ஆக்கிவிட்டு, மூளையின் வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டார்கள். அதனால் சுருதி மாறவில்லை, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. முதல் கட்டத்தில் 400-இலிருந்து இறங்கும் நேரக் கணக்கு ஜப்பானில் 160 விநாடியில் தீரும். நம் டிவியில் 192 விநாடி. அண்ணாச்சி கடையில் நாங்கள் ஆடியது முழுக்க முழுக்க அந்த நிதானமான மாரியோ. இன்று கணினியில் எமுலேட்டர், அதாவது பழைய கருவியைப் போலவே நடிக்கும் நிரல், போட்டு ஆடுபவர்கள் ‘அந்தக் காலத்தில் நன்றாக ஆடுவேன், இப்போது கை வரவில்லை’ என்று வருந்துகிறார்கள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எமுலேட்டரில் டெண்டி என்று ஓர் அமைப்பு இருக்கும், ரஷ்யாவில் விற்ற இதே வகை நகலின் பெயர். அதைத் தேர்ந்தெடுங்கள், பழைய பாட்டு திரும்பிவிடும்.

பெட்டியில் துப்பாக்கியும் இருந்தால் அது இன்றைய தட்டை டிவியில் வேலை செய்யாது. வாத்து சுடும் விளையாட்டில் விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித் துணுக்குக்குக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் தெரியும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று இரண்டையும் துப்பாக்கியின் கண் பார்க்க வேண்டும். டியூப்லைட்டைக் குறிபார்த்து ஏமாற்ற முயன்ற என் தம்பிக்கு இது தெரியாது. தட்டை டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்பிவிடுகிறது. குண்டு டிவி கிடைத்தால் மட்டும் முயலுங்கள்.

இயங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். டிவி கேம் பெரும்பாலும் இயங்கும். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் ஊதினோம், எச்சில் ஈரம் உலோகத்தை அரித்ததுதான் மிச்சம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். மஞ்சள், வெள்ளை ஒயர்களை டிவியின் ஏவி (AV) துளைகளில் செருகினால் போதும்.

ஸ்பெக்ட்ரம் அவ்வளவு எளிதன்று. அதன் பொத்தான்களுக்குக் கீழே பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. அவற்றின் வால் இந்த வயதில் அப்பளமாகியிருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் நொறுங்கும். நொறுங்கினாலும் கவலை இல்லை, புதிதாகவே செய்து விற்கிறார்கள். மின்தேக்கிகளை மாற்றிவிடுவது நல்லது. ஆன்டெனா வழிப் படம் இன்றைய டிவியில் சரியாக வராது. உள்ளே இரண்டு ஒயரை மாற்றிப் பற்றவைத்தால் ஏவியில் கொடுக்கலாம், அரை மணி வேலை. மின்சாரம் கொடுத்ததும் வெள்ளைத் திரையில் அடியில் ஒரே வரி, ‘1982 சின்க்ளேர் ரிசர்ச்’ என்று வந்தால் உயிர் இருக்கிறது. கட்டம் கட்டமாக வண்ணக் குப்பை தெரிந்தால் நினைவக சிப் போயிருக்கிறது, அதுவும் மாற்றக்கூடியதே.

விலை? போகும், ஆனால் தாத்தா வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. லட்சக்கணக்கில் விற்ற ஸ்பெக்ட்ரம் அபூர்வப் பொருள் ஆகாது. போதாக்குறைக்கு அதன் உரிமையை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம், அதன் ரோம் சிப்பில் உள்ள நிரலை எமுலேட்டரோடு பகிர 1999-இல் அனுமதித்துவிட்டது. 2024-இல் அதே ரப்பர்ப் பொத்தான் வடிவில் புதுக் கருவியே வந்துவிட்டது. ஆடிப் பார்க்க மட்டும் என்றால் உங்களுக்குப் பரண் பெட்டி தேவையே இல்லை. பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் எடை போட்டால் ஒரு கட்டிங் சாய்க்கு, அதாவது அரை கிளாஸ் டீக்கு, ஆகும்.

வேறெங்கும் கிடைக்காதது அந்த ஆறு கேசட்டுகளுக்குள்தான் இருக்கிறது. அவற்றில் எழுதியிருப்பதைக் கேள்வியில் குறிப்பிட்டிருந்தீர்கள்: நான்கில் ஆங்கில விளையாட்டுப் பெயர்கள், இரண்டில் ஒரு பாடகரின் பெயரை அடித்துவிட்டுப் பேனாவால் ‘கணக்கு 2’, ‘கணக்கு 3’. அந்த நான்கும் உலகத்தில் எங்கோ சேமிக்கப்பட்டிருக்கும். இந்த இரண்டும் உங்கள் சித்தப்பா தானே எழுதிய நிரல்கள், அவர் மறந்தே போயிருப்பார்.

இவற்றை இதற்குமேல் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். மும்பை மழைக்காலத்தில் பரணில் கிடந்த டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சுருளின் ஓரத்தில் மாவு தூவியது போல் தெரியும். அப்படி இருந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது, ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட் வழியாக அடுத்ததற்குத் தொற்றும். இல்லையென்றால் ஒரு நல்ல டேப் டெக்கில் போட்டு, கணினியில் 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், அது நம் காதுக்குத் தேவையில்லை என்று எறிவதுதான் ஸ்பெக்ட்ரத்துக்குத் தேவை. பதியும்போது அந்தத் திருகை நினைவில் வையுங்கள், இரைச்சல் மிகக் கூராகும் இடம். பிறகு ஃப்யூஸ் எமுலேட்டரின் துணைக் கருவிகள் அந்த ஒலியை நிரலாக மாற்றிக் கொடுத்துவிடும்.

இரைச்சல் தொடங்குவதற்கு முன்னாலிருந்தே பதிவைத் தொடங்குங்கள். டூ-இன்-ஒன்னில் ஒயரைச் செருகிவிட்டால் உள்மைக் வேலை செய்யாது. அதனால் சில பையன்கள் முதலில் ஒயர் இல்லாமல் பதிவுப் பொத்தானை அழுத்தி, நிரலின் பெயரையும் தேதியையும் வாயால் சொல்லிவிட்டு, நிறுத்தி, ஒயரைச் செருகி, அப்புறம் நிரலைப் பதிவார்கள். இரைச்சல் முடிந்த பிறகும் நிறுத்தாதீர்கள், கேசட் தீரும்வரை ஓடட்டும். கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பள்ளங்களில் செல்லோடேப் ஒட்டியிருந்தால், விலைக்கு வாங்கிய பாட்டுக் கேசட்டின்மேல் பதிந்திருக்கிறார் என்று பொருள். கணக்கு 3 முடிந்த இடத்தில் பாட்டு பாதி வரியிலிருந்து தொடங்கும். அந்தப் பாட்டு காணாமல் போனதற்கு அந்த வீட்டில் யாராவது ஒருநாள் நிச்சயம் சண்டை போட்டிருப்பார்கள். உங்கள் பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள், சித்தப்பாவிடம் வேண்டாம்.

அந்த இரண்டு கேசட்டையும் பதிந்து முடிக்கும்வரை ஸ்பெக்ட்ரத்தைத் தொட வேண்டாம். முடித்த பிறகு லாமிங்டன் ரோடு பக்கம் எடுத்து வாருங்கள், மீட்டர் வைத்து அடாப்டரைப் பார்த்துவிடலாம்.